பஜேரோவைப் பார்த்தேன், வாங்காதே

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா மறுபடி எழும்பி நடக்கிறார் என்று வாசித்ததும் எனக்கும் வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. நெடுங்கேணிக் காணியில் கிணறு இறைத்துத் துப்புரவாக்கியதையும் எழுதியிருந்தாய். அப்பா விட்டுப்போன இடத்திலிருந்து நீ தொடங்குவது எனக்கு மனதுக்கு இதமாக இருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம். வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கிவிட்டது. உப்புவெளிக் கரையில் கரைவலை இழுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் கண்டு நீ எழுதிய அந்த நிலாவெளி பஜேரோ ஜீப்பைப் போய்ப் பார்த்தேன். வாங்காதே. காரணத்தை விளக்கமாக எழுதுகிறேன். இதை விட்டாலும் நீ வேறொன்றைத் தேடத்தான் போகிறாய், அதைப் பார்க்கும்போது நான் பக்கத்தில் இருப்பேனோ தெரியாது.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வருவதற்கு முன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லியிருந்தேன். அவரும் அப்படியே விட்டிருந்தார். பொனெட்டில் கை வைத்தேன், குளிர்ந்துதான் இருந்தது. சாவியைத் திருப்பியதும் சிரமமில்லாமல் பிடித்தது. நீலப் புகையும் இல்லை, வெள்ளைப் புகையும் இல்லை. 2.8 லீட்டர் 4எம்40 டீசல் எஞ்சின். அதில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங்குக்குச் செயின்தான், 2.5 லீட்டர் 4டி56 எஞ்சினைப் போல பெல்ட் அறுந்துவிடுமோ என்ற பயம் இல்லை. பெயின்ட் புதிது, சீட் உறை புதிது. நீ நேரில் வந்திருந்தால் அந்த இடத்திலேயே முற்பணம் கொடுத்திருப்பாய்.

பிறகு சாக்கை விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன்.

அடிப்பக்கம் முழுவதும் கறுப்புப் பூச்சு, பளபளவென்று. இருபது முப்பது வருடம் ஓடிய ஜீப்பின் அடிப்பக்கம் அப்படிப் புதிதாக இருந்தால் முதலில் சந்தேகப்படு. ஒழுங்காகக் கறளைச் சுரண்டி, கறள் தடுக்கும் ரெட் ஒக்சைட் பெயின்ட் அடித்து, அதன் மேல் பூசியவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலை நடந்தபோது எடுத்த படங்கள் இருக்கும், பூச்சுக்கு அடியில் தகடு சமமாக இருக்கும். இங்கே பூச்சைத் தடவும்போதே கைக்கு மேடு பள்ளம் தட்டுப்பட்டது. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு ஸ்குரூ டிரைவரால் ஓரிடத்தில் மெல்லக் குத்தினேன். செதில் செதிலாகக் கொட்டியது. பின் அச்சைப் பிடித்திருக்கும் நீளக் கைகள் செசியோடு, அதாவது ஜீப்பின் பாரத்தைத் தாங்கும் அடிச்சட்டத்தோடு, சேரும் இடம், இடப்பக்கம். அதற்குச் சற்றுப் பின்னால் பழைய இரும்பின் மேலேயே ஒரு தகட்டை வைத்து வெல்டிங் பிடித்திருக்கிறார்கள். சின்னச் சுத்தியலால் செசி நெடுகத் தட்டிக்கொண்டு வந்தேன். முன்பக்கம் ‘ணங்’ என்றது, பின்பக்கம் ‘டொக்’ என்றது. அந்தச் சத்தம் கேட்டதோடு எனக்கு மேலே பார்க்க மனமில்லை.

விசாரித்ததில், முன்பு இந்த ஜீப் புறாமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் படகுகளை டிரெய்லரில் இழுத்து அலைக்குள் இறக்கியிருக்கிறது. பின் சக்கரம் இரண்டும் கடலில் நிற்கும், வேலை முடிந்தால் அப்படியே வெயிலில் விடுவார்கள். இப்போது வைத்திருப்பவர் அதன் பிறகு வாங்கியவர். நல்ல மனிதர், கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொன்னார். அவருக்கே அடியில் இருப்பது முழுசாகத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் கரையில் இரும்பு ஏன் இவ்வளவு கெதியாகப் போகிறது என்று நீ யோசிக்கலாம். மழைத் தண்ணீர் காய்ந்துவிடும். உப்பு போகாது. காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கடல் உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு அந்த அளவு ஈரம்கூடத் தேவையில்லை. ஆகவே ஒரு துளி மழை விழாத இரவிலும், கடலோரம் நிற்கும் ஜீப்பின் அடியில் உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போனால் நிலைமை வெகுவாக மாறிவிடும். அதனால்தான் ஒரு வண்டியின் வயதைக் கேட்பதற்கு முன் அது எங்கே நின்றது என்று நான் கேட்பேன்.

எல்லாக் கறளையும் கண்டு பயப்படவும் வேண்டாம். அச்சுக் கூட்டின் மேல், போல்ட்டுகளின் மேல் மண்ணிறத் தூள் மாதிரி படிந்திருந்தால் பரவாயில்லை, அவை தடித்த இரும்பு. செதிலாகக் கழன்றால் தகடு மெலிந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு தகடுகளைச் சேர்த்த விளிம்பு உப்பியிருந்தால் இன்னும் கவனம். கறளுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அது உள்ளே வளர வளரத் தகடுகளைப் பிரித்துத் தள்ளும். செசி ஒரு பெட்டி மாதிரி மூடிய குழாய் என்பதால் தண்ணீர் வடிய அடியில் துளைகள் விட்டிருப்பார்கள். சேறும் மணலும் அவற்றை அடைத்தால் உள்ளேயிருந்து அரிக்கத் தொடங்கும். கறையான் தின்ற வீட்டு வளை மாதிரி வெளியே முழுசாகத் தெரியும், பாரம் ஏறும் நாளில்தான் முறியும்.

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், மச்சான். எஞ்சினைக் கழற்றிச் செய்யலாம், கியர் பொக்ஸை மாற்றலாம், கதவும் மட்காடும் டிங்கர் வேலையில் சரியாகும். பாரம் தாங்கும் இடத்தில் செசி போனால் ஒட்டுப் போட்டு ஓடக்கூடாது. அந்தக் காணிப் பாதையில், அந்தப் பள்ளங்களில், உன் பிள்ளைகள் பின்சீட்டில் இருக்கப்போகிறார்கள். பிரேக் குழாய்களும் அப்படித்தான். செசியை ஒட்டி ஓடும் மெல்லிய இரும்புக் குழாய்கள் அவை. கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் அழுக்கைத் துடைத்துவிட்டுப் பார். அங்கேதான் உப்பு தங்கும், அங்கேதான் வெடிக்கும்.

மேல்பகுதிக்கு ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோ. சக்கர வளைவுகள், கதவின் கீழ் விளிம்பு, படிக்குக் கீழே ஓடும் பகுதி, கண்ணாடிச் சட்டத்தின் மூலைகள், பின்கதவின் அடி ஆகிய இடங்களில் வைத்துப் பார். பிடிக்காவிட்டால் அங்கே கறளை மறைக்கப் பட்டி தடவியிருக்கிறார்கள். அந்த பஜேரோவின் பின் சக்கர வளைவு இரண்டிலும் காந்தம் நழுவி விழுந்தது. தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்கவும் மறக்காதே. விரிப்பு ஈரமாக இருந்தால் அடியில் தகடு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

லாண்ட் ரோவர் என்றால் அலுமினியம்தானே, கறள் பிடிக்காதே என்று கேட்டிருந்தாய். 1948இல் அதை முதன்முதலில் செய்தபோது போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு, அதனால் வெளித்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். செசி உருக்குத்தான். எஞ்சினுக்கும் காலடிக்கும் நடுவே நிற்கும் முன் தடுப்புச் சுவரும் உருக்குத்தான். பழைய லாண்ட் ரோவர் டிஃபெண்டர்களில் கால் வைக்கும் பள்ளமும், கதவுக் கீல் பிடிக்கும் தூணும், பின் குறுக்குச் சட்டமும்தான் முதலில் போகும். அதோடு அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். காந்தமும் அங்கே உதவாது. விலையோ சொல்லவே வேண்டாம். ஆசையை விடு.

வெள்ளத்தில் கிடந்த வண்டியையும் கவனி. மாரியில் மகாவலி பெருகினால் மூதூர், வெருகல் பக்கம் தண்ணீர் ஏறும், உனக்குத் தெரியாததல்ல. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார், சேற்றுக் கோடு பெரும்பாலும் அதில் நிற்கும். கழுவுகிறவர்கள் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. சீட் ஓடும் தண்டவாளமும் டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள திருகாணிகளும் கறள் பிடித்திருந்தால், வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

இப்போது உனக்கு ஒரு நல்ல செய்தி. கந்தளாயில் ஒரு மிட்சுபிஷி ஜீப் இருக்கிறது என்று எங்கள் தெருக் கராஜ்காரர் சொன்னார், போய்ப் பார்த்தேன். பழைய 4டிஆர்5 டீசல் எஞ்சின். வயல்காரர் ஒருவர் விதைநெல்லும் உரமும் ஏற்றி ஓடியது. பார்க்க அழகே இல்லை. பெயின்ட் வெளுத்து, முன் பம்பர் கோணி, டிரைவரின் காலடியில் தகடு ஓட்டை விழுந்து தரை தெரிகிறது. செசியில் விரல் கனத்துக்குச் சேறு அப்பியிருந்தது. அதைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தேன், அடியில் இரும்பு முழுசாக இருக்கிறது. முன்னிருந்து பின்வரை சுத்தியலுக்கு ஒரே சத்தம். கடலைக் காணாத வண்டி.

கவனிப்பு இல்லாமல்தான் கெட்டிருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் செம்மண் நிறத் தண்ணீர். கூலண்ட் என்பதையே அது கண்டதில்லை போல. முன் டிஃபரன்ஷியல் ஒயில் வெளுத்துக் கலங்கியிருக்கிறது, வாய்க்கால் கடக்கும்போது தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஒயில் மாற்றி, சீலும் மூச்சுக் குழாயும் பார்க்க வேண்டும். டயர் ஒன்றின் பக்கத்தில் 1217 என்று அடித்திருக்கிறது, அதாவது 2017ஆம் ஆண்டின் 12ஆவது வாரம் செய்தது. பட்டை நன்றாக இருந்தாலும் ரப்பரில் வெடிப்பு விழுந்துவிட்டது. ஸ்டியரிங்கில் ஆட்டம் அதிகம். வில் பட்டைகளின் புஷ்கள் தேய்ந்துவிட்டன.

நாலு சக்கர இழுவையையும் போட்டுப் பார்த்தேன். தார் வீதியில் அதைச் சோதிக்காதே. இந்த மாதிரி ஜீப்பில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்வதால், வளைவில் சக்கரம் வழுக்க இடமில்லாமல் கியர்களில் முறுக்கேறும். குளத்துக்கட்டுக்குக் கீழே மணல் பாதையில் லீவரைப் போட்டேன். முதலில் அசையவே இல்லை, வருடக்கணக்காக யாரும் தொடவில்லை. முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டியதும் விழுந்தது. அதன் பிறகு நாலு சக்கரமும் இழுத்தன, லோ கியரிலும் இழுத்தது. சத்தமோ தட்டலோ இல்லை.

ஒன்று மட்டும் எனக்குக் கவலை. நாலு மூலையும் வில் பட்டைதான், எலும்பு வரை அதிரும். ஏசியும் இல்லை, ஏறும் படியும் உயரம். அம்மாவின் முழங்காலுக்கு இது தோதான வாகனமே இல்லை. காணிக்குப் போய்வர என்றால் இதைவிட வேறு வேண்டாம், வவுனியாவில் கிளினிக்குக்குக் கூட்டிப்போக என்றால் வேண்டவே வேண்டாம். அந்தத் தேவைக்கு முச்சக்கரவண்டி பிடித்துக்கொள்வதே அவருக்கு நல்லது. இதை அம்மாவோடும் மனைவியோடும் இருந்து கதைத்து முடிவெடு. ஒரே வண்டியில் எல்லாம் நடக்க வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம் பொறு, நான் தொடர்ந்து தேடுகிறேன்.

விலை விஷயத்தில் அவசரப்படாதே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து ஓட்டை ஜீப்புக்கும் தங்க விலை சொல்லிப் பழகிவிட்டார்கள். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டாலும் வரி கூட என்பதால் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் மேலே சொன்ன குறைகள் ஒவ்வொன்றுக்கும் கராஜில் கணக்குக் கேட்டு எழுதி அனுப்புகிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசு, அந்த வயல்காரர் நியாயமான மனிதராகத்தான் தெரிகிறார். வாகனப் பதிவுப் புத்தகம் அவர் பெயரிலேயே இருக்கிறதா, லீசிங் ஏதும் மீதி இருக்கிறதா என்று முதலில் பார். செசி இலக்கத்தைப் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்க வேண்டும். சேற்றுக்குள் எனக்கு அது வடிவாக வாசிக்க முடியவில்லை, கழுவி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் கிரைண்டர் போட்ட தடமோ புது வெல்டிங்கோ தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

வாங்கினாயானால் சேறு முழுவதையும் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவி, செசித் துளைகளைத் திறந்து, காயவிட்டு, உள்ளே மெழுகுப் பூச்சு அடிப்போம். சிலர் பழைய எஞ்சின் ஒயிலை அடியில் தெளிப்பார்கள். புஷ்களின் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும், அதைச் செய்யாதே.

அடுத்த சனிக்கிழமை உனக்கு வசதியா? ஹொரவபொத்தானை வழியாகக் காலை பஸ்ஸில் வந்தால் மதியத்துக்குள் இங்கே இறங்கிவிடலாம். சாப்பிட்டுவிட்டு கராஜ்காரரையும் கூட்டிக்கொண்டு கந்தளாய்க்குப் போவோம். அவர் வரச் சம்மதித்திருக்கிறார். பழைய சட்டை ஒன்று கொண்டு வா, இந்த முறை அடியில் படுத்துப் பார்ப்பது நீதான். வருவதாக இருந்தால் வியாழனுக்கு முன் ஒரு கோல் எடு, அவரிடம் நேரம் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன்,
பழைய வாங்குத் தோழன்,
உப்புவெளி, திருகோணமலை