சந்து விட்டுப் பாவிய கல்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போட விடாமல் செய்தது என் முதுகு. முற்றத்துக்கு நானே கல் பாவிக்கொண்டிருந்தேன். ஆயுசு முழுக்க மேசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கட்டடப் படம் வரைந்து கொடுத்தவன், இந்த வயதில் முட்டி போட்டுக் கல் தட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். சிரித்துக்கொள்.

பழைய தளத்தை நீ பார்த்திருக்கிறாய். கான்கிரீட்டின் மேல் மெல்லிய பலகைக் கல்லை ஒட்டி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த சந்து முழுக்கச் சிமெண்ட் அடைத்து ஒருவர் போட்டுக் கொடுத்தது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு மழை தாங்கவில்லை. வெயிலில் கல் விரிந்தால் நகர இடம் வேண்டும், அடியில் இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழி வேண்டும். இரண்டும் இல்லாததால் கல்லே வெடித்தது. மாற்றலாம் என்றால் ஒரு கல்லை எடுக்க நான்கு கல்லை உடைக்க வேண்டியிருந்தது.

இந்த முறை என்னோடு வேலை செய்த கொத்தனார் முதல் நாளே ரசமட்டத்தை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "தண்ணி எந்தப் பக்கம் போகணும்? அதை முதல்ல சொல்லுங்க" என்றார். தண்ணீர் ஓட மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரிவாக வாட்டம் வைத்தோம். முதலில் ஓரக்கல் நட்டு இறுக்கினோம், அது நகர்ந்தால் உள்ளே இருக்கும் அத்தனையும் நகரும். பிறகு ஜல்லி, 15 சென்டிமீட்டர், இரண்டு தடவையாகப் போட்டுத் திமிசால் இடித்தது. அதன் மேல் நான்கு சென்டிமீட்டர் மணல். மணல் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்க வேண்டுமாம். கனத்த இடம் பிற்பாடு அதிகமாக அமுங்கிப் பள்ளமாகிவிடும். அதனால் கல் உயரத்தில் கூடக் குறைய இருந்தால் மணலைக் கூட்டிச் சரிக்கட்டக் கூடாது. கல்லையே உயரம் பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும். எனக்கு இரண்டு நாள் அந்த வேலைதான்.

கருங்கல், பத்து சென்டிமீட்டர் கட்டிகள், கையால் உடைத்தவை. ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அதற்குத்தான் வில் வடிவத்தில் வரிசை போடுகிறார்கள் என்பது இப்போதுதான் புரிந்தது. வில்லின் நடுவில் பெரிய கல், இரண்டு முனையிலும் சின்னது. வேறுபாடு எல்லாம் வளைவில் கரைந்துவிடுகிறது. நேர் வரிசையைச் சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போகும், வில் வரிசையில் ஒரு கல் தள்ளினால் பக்கத்துக் கல் முட்டுக் கொடுக்கும். இவ்வளவு காலம் அதை அலங்காரம் என்று நினைத்து வரைந்திருக்கிறேன்! சுண்டுவிரல் கனத்துக்குச் சற்றுக் குறைவாகச் சந்து விட்டு, மணலைத் துடைப்பத்தால் கூட்டி உள்ளே தள்ளி, தண்ணீர் தெளித்து, திரும்ப இடித்து, திரும்ப மணல். சிமெண்ட் ஒரு கைப்பிடி கூட இல்லை.

அப்புறம், உங்கள் நகர்மன்றச் சதுக்கம். கல் போலவே தோன்றும் அச்சுக் கான்கிரீட் போடலாம் என்று பேச்சு நடப்பதாகவும், குழுவில் நீயும் இருப்பதாகவும் எழுதியிருந்தாய். அழகைப் பற்றிப் பேசாதே, யாரும் கேட்க மாட்டார்கள். இன்னும் சில வருஷத்தில் குழாய்க்காகவோ கேபிளுக்காகவோ அந்த இடத்தைத் தோண்டுவார்களா, மாட்டார்களா என்று மட்டும் கேள். கான்கிரீட்டை அறுத்தால் ஒட்டுப்போட்ட தழும்பு அப்படியே நிற்கும். மணலில் பாவிய கல்லைக் கழற்றி அடுக்கி வைத்து, வேலை முடிந்ததும் அதே கல்லைத் திரும்ப வைக்கலாம்.

போர்ச்சுகலில் லிஸ்பன் நகரத்து ரோசியு சதுக்கத்தை எடுத்துக்காட்டாகச் சொல். கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாக அங்கே தளம் பாவியது 1840களின் கடைசியில். அந்தக் கைத்தொழில் அழிந்துவிடக் கூடாது என்று அந்த மாநகராட்சியே 1986இல் கல் பாவுவோருக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியது. கூடவே குறையையும் மறைக்காமல் சொல்லிவிடு. அங்கே பாவியிருக்கும் சுண்ணாம்புக்கல் தேயத் தேய வழவழப்பாகி, மழையில் வழுக்கும். கட்டிக்கல் தளத்தில் சக்கர நாற்காலி தள்ளுவதும் கொடுமை. சதுக்கத்தின் குறுக்கே அறுத்த பலகைக் கல்லால், மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, ஒரு பாதை விடச் சொல். நீ சொல்லாவிட்டால் எதிர்த்தரப்பு சொல்லும்.

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. ஏதென்ஸில் பழைய கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றுக்கு ஏறும் நடைபாதை, டிமிட்ரிஸ் பிக்கியோனிஸ் என்ற கிரேக்கக் கட்டடக் கலைஞர் 1954 முதல் 1957 வரை செய்தது. நகரத்தில் இடித்துத் தள்ளிய பழைய வீடுகளின் பளிங்குத் துண்டுகளைக் கல்லோடும் கான்கிரீட்டோடும் சேர்த்து வைத்தார். பல இடங்களை வேலையாட்களோடு நின்று அங்கேயே தீர்மானித்தாராம். யாரோ வீட்டு வாசற்படியாக இருந்தது இப்போது ஊருக்கே வழி. என் மாதிரிப் படம் வரைகிறவனுக்கு அது கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

உன் வீட்டு மணற்கல் சுவர் செதில் செதிலாக உதிர்வது பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டு விஷயம் பார். கல்லின் படிவரிகள், அதாவது மணல் அடுக்கடுக்காகப் படிந்த கோடுகள், படுக்கையாக இருக்கின்றனவா, நிமிர்ந்து நிற்கின்றனவா? நிமிர்த்தி வைத்திருந்தால் புத்தகத்தின் தாள் மாதிரி முகம் உரியும், அதற்குக் கல்லை மாற்றுவதுதான் வழி. படுக்கையாக இருந்தும் உதிர்ந்தால், சந்துப் பூச்சு சிமெண்டா என்று சுரண்டிப் பார். கல்லை விடக் கெட்டியான பூச்சு ஈரத்தை வெளியே விடாது. ஈரம் கல் வழியாக வரும், கல் அழியும். சுண்ணாம்புச் சாந்துக்கு மாற்று. கல்லுக்குப் பதிலாகக் கெட்டுப்போகிற வேலையை அது ஏற்றுக்கொள்ளும், சில பத்து வருஷத்துக்கு ஒருமுறை சந்தை மட்டும் புதுப்பித்தால் போதும். தயவுசெய்து கல்லுக்கு வார்னிஷ் அடிக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

குழுக் கூட்டம் என்றைக்கு என்று எழுது. வரைபடம் போட்டு அனுப்புகிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெரிய மழையன்று சதுக்கத்துக்குப் போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துக் குறித்து அனுப்பு.

அன்புடன்,
முதுகு பிடித்த உன் நண்பன்