மலையிலிருந்து ஒரு கடிதம்

கோத்தகிரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டது. சாலையோரம் ஒரு மரம் சாய்ந்தால் போதும், மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போய்விடுகின்றன.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருளாகச் சப்வெர்ஷன் இருக்கும்போது, அதே வேலைக்குக் கிட் எதற்கு என்று கேட்டிருந்தாய். சப்வெர்ஷனில் ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது ஒரு மாற்றத்தைக் குறிப்போடு பதிவதற்கும், சர்வர் வேண்டும். இணைப்பு அறுந்தால் பழைய மாற்றங்களைப் புரட்டிப் பார்க்கவும் வழியில்லை. கிட்டில் குளோன் செய்ததுமே, அதாவது நகலெடுத்ததுமே, முழு வரலாறும் உன் கணினிக்கு வந்துவிடுகிறது. நானும் என் தம்பி மகனும் சிறு தேயிலை விவசாயிகளுக்காக எழுதும் இலை எடைக் கணக்கு நிரல் இந்த மழையிலும் நிற்கவில்லை. அவன் இருப்பது கூடலூரில். இணையம் நாள்கணக்கில் வராவிட்டால், புதிய கமிட்டுகளை ‘கிட் பண்டில்’ கட்டளையால் ஒரே கோப்பாக்கி, பென் டிரைவில் போட்டு, ஊட்டி வழியாக வருபவரிடம் கொடுத்தனுப்புகிறான். சர்வரிலிருந்து எடுப்பதுபோலவே அதிலிருந்தும் எடுத்து இணைத்துக்கொள்கிறேன்.

கிட் பிறந்த கதையும் இதையே சொல்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரல் குழுவினர் மாற்றங்களைப் பதியப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் 2005இல் நின்றுபோனது. அந்த ஏப்ரலில்தான் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். நம் உழைப்பின் வரலாறு நம் கையிலும் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

முதன்மை நிரலைத் தொடாமல் தனியாக வேலை செய்யப் பிரிக்கும் கிளைகளுக்கு அஞ்சாதே. கிளை என்பது ஒரு கமிட்டைச் சுட்டும் குறிப்பு மட்டுமே. தவறிப்போய் அழித்தாலும், கமிட் செய்தது, கிட் தானே எழுதிவைக்கும் ரீஃப்ளாக் என்ற குறிப்பேட்டின் வழியாகச் சில வாரங்களாவது அகப்படும். கமிட் செய்யாததற்குத்தான் அந்தக் காப்பு இல்லை. ஆகவே சிறிது சிறிதாக, அடிக்கடி கமிட் செய்.

கமிட் குறிப்பில் மட்டும் சோம்பல் கூடாது. ‘கணக்குத் திருத்தம்’ என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து யாருக்கு என்ன புரியும்? ‘ஈர இலைக்கான எடைக் கழிவை முழுக் கிலோவாக்கியதில் விவசாயிக்கு நட்டம், இனி கிராமிலேயே கணக்கு’ என்று எழுதினால், அடுத்து வருபவன் அந்த வரியை மாற்றும் முன் யோசிப்பான்.

உன் பழைய நூலகப் பட்டியல் நிரலை முதலில் கிட்டில் ஏற்று. கிளைகளைப் பிரித்து, இணைத்துப் பழகு. பிறகு பண்டிலாக்கி மின்னஞ்சலில் அனுப்பு; இணையம் வந்ததும் பார்த்துத் திருத்தங்களைத் தனிக் கிளையில் வைத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்