விதிகளுக்கு வரிசை எண் போடு

அன்புள்ள சேகருக்கு,

கடிதமும் கூடவே வைத்திருந்த சொற்பட்டியலும் வந்து சேர்ந்தன. ஓய்வுபெற்ற கையோடு நாவலுக்காக ஒரு மொழிக்குடும்பத்தையே படைக்க உட்கார்ந்துவிட்டாய், சந்தோஷம். மூட்டுவலி எப்படி இருக்கிறது என்றுதான் ஒரு வரிகூட இல்லை. இங்கே எல்லோரும் சுகம். மழைதான் ஏமாற்றிவிட்டது.

பட்டியலைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நீ பேத்திகளைப் பெற்றுவிட்டுப் பாட்டியைத் தேடுகிறாய். இரண்டு மகள் மொழிகளுக்கும் காதுக்கு இனிய சொற்களாகப் பொறுக்கி வைத்துவிட்டு, நடுவில் ஒரு மூலச்சொல்லை ஒட்டவைத்திருக்கிறாய். 40 சொல்லுக்கு 40 விதமான மாற்றம். ஒலிமாற்றம் அப்படிச் சொல்லுக்குச் சொல் ஆள் பார்த்து வராது.

நம் வீட்டிலேயே பார். கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. அங்கே கேரி, இங்கே சேரி. சொல்முதல் ககரம் இகர எகரங்களோடு வந்தால் தமிழில் சகரமாயிற்று. ஆனால் அடுத்து ட, ண, ள, ழ போன்ற நாமடி ஒலி வந்தால் ககரம் அசையவில்லை: கிளி, கெடு, கிழங்கு. தெலுங்குக்கு இந்தத் தடை இல்லை, அதனால் அங்கே சிலுக, செடு. ஒரே மூலம், ஒரே மாற்றம், ஒரு நிபந்தனை மட்டும் வேறு. அதிலேயே இரண்டு மொழிகள் பிரிந்து நிற்கின்றன. கீரை, கீரி என்று மீறுகிறவையும் உண்டு, ஆனால் அவை கையளவுதான். உன் பட்டியலில் மீறல்தான் விதியாக இருக்கிறது.

அடுத்தது வரிசை. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், தன் கதைகளில் வரும் எல்ஃப் என்ற கற்பனை இனத்துக்காக 1915 வாக்கில் தொடங்கிக் கடைசிவரை திருத்திக்கொண்டே இருந்த மொழிகளில் ஒரு சொல் போதும். மனிதன் என்பதற்கு மூலம் 'அடன்', பன்மை 'அடனி'. டகரத்தை வல்லொலியாகவே படி. ஒரு மகளான க்வென்யா இரண்டையும் ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டது. இன்னொரு மகளான சிண்டரினில் மூன்று மாற்றங்கள். ஒன்று, உயிர்களுக்கு நடுவே வல்லொலி மெலிந்தது: அட³னி. இரண்டு, கடைசி இகரம் முன்னால் உள்ள அகரங்களைத் தன் பக்கம் இழுத்தது. மூன்று, இழுத்த இகரமே உதிர்ந்தது. ஒருமை அட³ன், பன்மை எட³ய்ன். இப்போது மூன்றாவதை இரண்டாவதற்கு முன்னால் போட்டுப் பார். இழுக்க இகரமே இல்லை. ஒருமையும் பன்மையும் ஒன்றாகிவிடும். உன் இரண்டாம் மொழியில் பன்மை காணாமல் போனதற்குக் காரணம் இதுதான். அதை மறைக்க 'லு' என்று ஒரு விகுதியைத் தைத்திருக்கிறாய், தையல் வெளியே தெரிகிறது.

டகரத்துக்கு மேல் ஏன் 3 போட்டேன் என்று கேட்பாய். மெலிந்த ஒலிக்குச் சுலோகப் புத்தகத்தில் போடுவார்களே, அதேதான். நம் எழுத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் ஒரே வடிவம் என்பதால், நடுவில் மெலிவது நம் கண்ணிலேயே படாது. முதல் மொழியில் நீ திட்டமிடாமலே அந்த மாற்றம் நுழைந்திருக்கிறது. 'தபகு' என்று எழுதி 'தப³கு³' என்று மனசுக்குள் படித்திருக்கிறாய். எண் போட்டு எழுதினால் பிடிபடும். இன்னொரு வேடிக்கை: சிண்டரினில் 'பெரியன்' என்றால் அரையாள், டோல்கீன் கதையின் குட்டை மனிதன்! 'அந்த அரையாள்' என்றால் 'இ பெ³ரியன்'. முன்னால் வந்த 'இ' என்ற சுட்டு உயிரில் முடிவதால் பகரம் சொல் முதலிலேயே மெலிகிறது.

இலக்கணத்துக்குத் தனி ஏடு வேண்டாம், ஒலிமாற்றமே பாதி வேலையைச் செய்துவிடும். க்வென்யாவில் சொல்லின் வால் பிழைத்ததால் வேற்றுமை உருபும் பிழைத்தது: கிர்யா கப்பல், கிர்யன்னா கப்பலுக்கு, கிர்யஸ்ஸே கப்பலில், கிர்யல்லோ கப்பலிலிருந்து. சிண்டரினில் வால் உதிர்ந்தது, உருபுகளும் போயின, பெயருக்கு முன்னால் தனிச்சொற்கள் வந்து நின்றன. நீ கடைசி உயிரையெல்லாம் வெட்டிவிட்டு எட்டு வேற்றுமையை வைத்திருக்கிறாய். எதில் தொங்கும் அவை? மூலமொழிக்கு மூன்று வேற்றுமை போதும். மீதியை மகள்கள் தாங்களே சம்பாதிக்கட்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூலச்சொல் 60 எழுது. அதற்குமேல் இப்போதைக்கு வேண்டாம். கணினி அட்டவணையில் ஒரு விதிக்கு ஒரு பத்தி, இடமிருந்து வலமாக, எந்தச் சொல்லையும் தாவாமல் நிரப்பு. கடைசிப் பத்தியில் இரண்டு சொற்கள் ஒன்றாகிப்போனால் விதியைத் தொடாதே. ஒன்றைக் கூட்டுச்சொல்லாக்கு, அல்லது பக்கத்து மொழியில் கடன் வாங்கு. கடன் சொல்லுக்குக் காலம் குறித்துவை. கன்னடத்தில் சொல்முதல் பகரம் ஹகரமாவதற்கு முன்னால் வந்த பணம் 'ஹண' ஆயிற்று. 'புஸ்தக' இன்னும் பகரத்திலேயே இருக்கிறது.

அந்த 'லு'வை மட்டும் முதலில் எடுத்துவிட்டு, இரண்டாம் மொழியின் பத்திகளை எனக்கு அனுப்பு. மூட்டுவலி பற்றியும் எழுது.

அன்புடன்,
ராமு