குளிர்கால விடுமுறைக்கு ஒரு ரயில் பயணம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று உங்களில் பலர் கேட்டீர்கள். என் பதில் ஒன்றுதான்: ரயிலில் போங்கள். போய்ச் சேரும் ஊருக்காக இல்லாமல், வழிக்காகவே போங்கள்.

சிறு வயதில் ஒருமுறை அப்பாவுடன் மலை ரயிலில் போனேன். குகை வரும்போதெல்லாம் அவர் என் கையில் ஒரு விரலை மடக்கிவிடுவார். பத்து விரலும் மடங்கிய பிறகு முதலிலிருந்து தொடங்குவோம். இறங்கிய ஊரில் என்ன பார்த்தோம் என்பது மறந்துவிட்டது. அந்த விரல் கணக்கு மட்டும் மறக்கவில்லை.

மலைமேல் ரயில் ஏறும் விதமே பிள்ளைகளுக்குப் பெரிய பாடம். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் எளிதில் வழுக்கும். அப்படியிருந்தும் எப்படி ஏறுகிறது? நீலகிரி மலை ரயில் செங்குத்தான பகுதியில் 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயர்கிறது. அதற்காகத் தண்டவாளங்களின் நடுவே பற்கள் கொண்ட சட்டம் ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். அங்கே எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை, கீழே இருந்து தள்ளுகிறது. ஏன் பின்னால் இருக்கிறது என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களே யோசித்துச் சொல்லட்டும்.

சுவிட்சர்லாந்தின் பெர்னினா பாதை வேறு வழியைக் கண்டது. பனி மூடிய மலையில் 2253 மீட்டர் உயரம் வரை பல்சட்டம் இல்லாமலே ரயில் ஏறுகிறது. புருசியோ என்ற இடத்தில் 9 வளைவுகள் கொண்ட கல்பாலத்தின்மீது ஒரு முழு வட்டம் அடித்து, தான் போகும் பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து செல்கிறது. சரிவு அதிகமானால் பாதையை நீட்டிவிடு என்பதுதான் சூட்சுமம். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு நூல்கயிற்றையும் தலையணையையும் வைத்து வீட்டிலேயே இதைச் செய்து காட்டலாம். 1903-இல் திறக்கப்பட்ட கால்கா–சிம்லா பாதையும் இப்படி வளைந்து வளைந்துதான் 96 கிலோமீட்டர் போகிறது.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். ஓர் ஆற்றையோ குன்றையோ கடக்கும் சாதாரணப் பயணிகள் ரயிலே போதும். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அலுத்துவிடும்.

குளிர்காலத்தில் பகல் சுருங்கிவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். மாலை இருட்டிய பிறகு ஜன்னலில் மலை தெரியாது, நம் முகம்தான் தெரியும். ஆகவே காலை ரயிலைப் பிடியுங்கள். ஜன்னல் இருக்கைக்கு முன்பதிவு செய்யுங்கள். வளைவுகளில் சில பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். ரயில் போகும் திசையைப் பார்த்து உட்கார வைத்து, தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கம்பளி உடையை ஒரே தடிமனாகப் போடாமல் இரண்டு மூன்று அடுக்காகப் போட்டால் பெட்டி சூடாகும்போது கழற்றிக்கொள்ளலாம். திறந்த கதவருகே மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். படம் எடுப்பதற்காகத் தலையை வெளியே நீட்டுவது பெரியவர்களுக்கும் கூடாது.

கண்ணாடியில் மூச்சுக்காற்றின் ஈரம் படிந்து பனிப்படலம் மூடும். உடனே துடைத்துவிடாதீர்கள். முதலில் அதில் பிள்ளை தன் பெயரை விரலால் எழுதட்டும். அப்புறம் துடைத்தால் வெளியே மலை வந்து நிற்கும்.

இன்னொன்று. கைப்பேசியைப் பையில் வைத்துவிடுங்கள், உங்களுடையதையும். பிள்ளை எதையாவது காட்டி "அங்க பாருங்க" என்று கத்தும் நேரத்தில் நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டும். அடுத்த நொடி அது போய்விடும்.

பயணக் கட்டுரை எழுதி வரும்படி எந்த ஆசிரியரும் கேட்க மாட்டார்; நான் சொல்லிவிட்டேன். பள்ளி திறந்ததும் காலைக் கூட்டத்தில், விருப்பமுள்ள பிள்ளைகள் எத்தனை குகை எண்ணினோம் என்று வந்து சொல்லலாம். கேட்க நான் முன்வரிசையில் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்