மேட்ச் ஃபீ சமம்தான், மேட்ச் எங்கடா?

கண்ணா,

ஃபேமிலி குரூப்ல நீ போட்டதைப் பாத்தேன், கிரிக்கெட் ஆடற பொம்பளைங்களுக்குத்தான் சமமா சம்பளம் குடுத்தாச்சே இன்னும் என்ன வேணுமாம்னு. அங்க பதில் போட்டா உன் சித்தப்பா நடுவுல பூந்துடுவாரு, அதான் தனியா எழுதறேன்.

2022 அக்டோபர்ல நம்ம கிரிக்கெட் போர்டு பிசிசிஐ சமமாக்கினது மேட்ச் ஃபீயை, அதாவது ஒரு மேட்ச் ஆடினா குடுக்கற காசை மட்டும்தான்டா. டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒன்டேக்கு 6, டி20க்கு 3. நல்லதுதான், இல்லேங்கல. ஆனா அப்போ வருஷ கான்ட்ராக்ட்ல ஆம்பளைங்களுக்கு டாப் கிரேடு 7 கோடி, பொம்பளைங்களுக்கு 50 லட்சம். அது போகட்டும், அந்த 15 லட்சத்தை வாங்கணும்னா மொதல்ல டெஸ்ட்னு ஒண்ணு நடக்கணுமே? 2024ல ரோஹித்தோட ஆம்பளைங்க டீம் ஆடினது 15 டெஸ்ட், ஹர்மன்பிரீத்தோட பொம்பளைங்க டீமுக்கு ஒண்ணே ஒண்ணு.

அந்த ஒண்ணும் நம்ம சேப்பாக்கத்துலதான், சவுத் ஆப்பிரிக்காவோட. நானும் அப்பாவும் போயிருந்தோம், ஜூன் வெயில்ல மண்டை காஞ்சு போச்சு. நம்ம ஷஃபாலியும் ஸ்மிருதியும் மொத விக்கெட்டுக்கே 292 ரன், ஷஃபாலி சிக்ஸ் சிக்ஸா தூக்கறா, முன் வரிசைல ஒரு குட்டிப் பொண்ணு நோட்டுல ஸ்கோர் எழுதிக்கிட்டே வந்தது, 205ல ஷஃபாலி ரன் அவுட் ஆனதும் பேனாவைத் தூக்கிப் போட்டுட்டு அவங்க அப்பாவை முறைக்குது, என்னமோ அவருதான் தப்பா ரன்னுக்குக் கூப்பிட்ட மாதிரி! கடைசில 603க்கு 6 டிக்ளேர், பொம்பளைங்க டெஸ்ட்ல அதுவரைக்கும் எந்த டீமும் அடிக்காத ஸ்கோர். யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொல்றியே, கடையை வருஷம் பூரா மூடி வச்சுட்டு வியாபாரம் இல்லேன்னா எப்பிடிடா?

2005ல வேர்ல்ட் கப் ஃபைனல் வரைக்கும் போன டீமுக்கு மேட்ச்சுக்கு ஆயிரம் ரூபாதான் கிடைச்சுதுன்னு அப்போ கேப்டனா இருந்த மிதாலியே சொல்லியிருக்காங்க. நம்ம சென்னைப் பொண்ணு திருஷ் காமினி 2013 வேர்ல்ட் கப்ல செஞ்சுரி அடிச்சா, உனக்குப் பேராவது தெரியுமா? ஆம்பளைங்க டீம்ல பன்னெண்டாவது ஆளு பேரு வரைக்கும் ஒப்பிப்பே.

இந்த டிவில வர்றவங்களையாவது விடு, ஸ்டேட்டுக்கு ஆடற பொண்ணுங்களைப் பாரு. ஒரு நாளைக்கு 20 ஆயிரம்தான் குடுத்துட்டு இருந்தாங்க, 2025 நவம்பர்ல நம்ம பொம்பளைங்க டீம் வேர்ல்ட் கப் ஜெயிச்சதுக்கு அப்புறம்தான் அது 50 ஆயிரம் ஆச்சு. கப்பைக் கொண்டு வந்தாத்தான் கூலியாம். 2023 வேர்ல்ட் கப் ஃபைனல்ல ஆம்பளைங்க தோத்தாங்களே, யாராவது அவங்க ஃபீயைப் பத்திப் பேசினாங்களா, நீயே சொல்லு.

அம்மா