அதே ஐந்து சொட்டு

தமிழ்நாட்டில் சித்த, ஆயுர்வேத மருந்துகளின் தரத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கடற்கரையில் கஞ்சா என்றால் மருந்து யாருக்கும் ஞாபகம் வராது. வேதாளைப் பக்கம் ராத்திரியில் பிடிபட்ட படகும் மூட்டையும்தான் வரும். அதனாலேயே இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தேன்.

அக்காவுக்குப் புற்றுநோய். வலிக்காக மருத்துவர் சீட்டோடு ஆன்லைனில் கஞ்சா இலை எண்ணெய் வாங்கினோம். ஆயுர்வேத உரிம எண் அச்சிட்ட பாட்டில். முதல் பாட்டிலில் ஐந்து சொட்டு விட்டால் நிம்மதியாகத் தூங்கினாள். இரண்டாவதில் அதே ஐந்து சொட்டுக்கு நெஞ்சு படபடத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது வெறும் நல்லெண்ணெய்தான் போல. விற்றவர்களிடம் பரிசோதனை அறிக்கை கேட்டேன். வந்த தாளில் இருந்த பேட்ச் நம்பர் எங்கள் பாட்டில் எதிலும் இல்லை.

1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் பூவையும் பிசினையும் தடுக்கிறது, தனி இலையை விட்டுவிடுகிறது. மருந்து விதிகளோ கஞ்சாவை நஞ்சுப் பட்டியலில் வைத்து, மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடச் சொல்கின்றன. சரி, நஞ்சு என்று எழுதியாகிவிட்டது. எவ்வளவு நஞ்சு என்று அளக்க வேண்டாமா?

கஞ்சாவில் போதை தரும் பொருள் டிஎச்சி. பச்சை இலையில் அது பெரும்பாலும் அமிலமாகத்தான் இருக்கும். சூடு பட்ட பிறகே போதை தரும் டிஎச்சியாக மாறும். எண்ணெய் காய்ச்சும் பதம் தப்பினால் வீரியமும் தப்பும். ஆகவே லேபிளில் இத்தனை கிராம் இலை என்று போடுவதால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு மில்லியில் டிஎச்சி எவ்வளவு, போதை தராத இன்னொரு பொருளான சிபிடி எவ்வளவு என்று வேண்டும். இந்தச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தையும் ஈயத்தையும்கூட உறிஞ்சிக்கொள்ளும். இலைத் தூளாகவும் விற்கிறார்கள். ஐப்பசிக் காற்றில் கருப்பட்டியே கசிகிற ஊரில் அதில் பூஞ்சை பிடிக்க எத்தனை நாளாகும்?

அமெரிக்காவில் இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருட்களைச் சோதித்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 26-இல்தான் லேபிள் சரியாக இருந்தது. 18-இல் டிஎச்சியும் இருந்தது.

உரிமம் வெளிமாநிலத்தது என்று தட்டிக்கழிக்காதீர்கள், சொட்டு விழுந்தது மண்டபத்தில். விற்பனைக்கு வந்த சரக்கிலிருந்து உங்கள் ஆய்வாளரே மாதிரி எடுக்கட்டும். தயாரிப்பாளர் பொறுக்கி அனுப்பும் பாட்டில் வேண்டாம். ஒவ்வொரு பேட்ச் அறிக்கையும் எங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்புறம், சீட்டு வைத்திருக்கும் நோயாளி புகார் கொடுத்தால் வீட்டுக்குப் போலீஸ் வராது என்று எழுத்தில் கொடுங்கள்.

மூன்று பாட்டிலிலும் மிச்சம் இருக்கிறது, பிரிட்ஜில் வைத்திருக்கிறேன். எங்கே அனுப்பட்டும்?