கொல்கிச் சிக்கலுக்குப் பெயர் குறித்தால் போதுமா? மட்டக்களப்பு உயர்தர உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சேர், மிஸ் எல்லோருக்கும்,

வணக்கம். மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிப்பவன் நான். படிப்பிப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் ஒரு விஷயம் மனதைக் கிடந்து அரிக்கிறது.

போன மாரியில் அக்காவின் மகனுக்குக் காய்ச்சல். இரண்டாம் நாளே, டெங்கு வைரசின் என்எஸ்1 என்ற புரதம் இரத்தத்தில் இருக்கிறதா என்று பரிசோதனை செய்தேன். பட்டியில் சில துளி சீரம், கொஞ்ச நேரக் காத்திருப்பு. ‘சி’க்கு நேரே ஒரு கோடு, ‘ரி’க்கு நேரே மெல்லியதாய் இன்னொன்று. டெங்குதான். பிள்ளை தேறிவிட்டான். உயிரியல் படிக்கிறவன் அல்லவா, பிறகொரு நாள் கேட்டான்: “மாமா, என்எஸ்1 வைரசுட கோதில இல்லாத புரதமாமே. அப்ப எப்படி ரெத்தத்துக்குள்ள வந்த? கலம் வெடிச்சா?”

“இல்ல மனே, நம்மட கலமே பொதி கட்டி வெளியில அனுப்பின” என்றேன். முழித்தான். கொப்பியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். புரதம் செய்யும் அகமுதலுருச் சிறுவலை, அதைப் பிரித்து அனுப்பும் கொல்கிச் சிக்கல், சுமந்து போகும் புடகங்கள் எல்லாம் கலர் பென்சிலில் அச்சொட்டாக இருந்தன. பல பக்கம் தள்ளி வைரசு. இரண்டையும் தொடுக்க ஒரு வரி இல்லை. (என் கொப்பியும் அப்படித்தான் இருந்தது.)

அந்த வரியைத்தான் கேட்டு எழுதுகிறேன். புரதம் போகவேண்டிய இடம் அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது என்று காட்டியதற்கு 1999இல் குந்தர் புளோபலுக்கு நோபல் பரிசு. புடகங்கள் சரக்கு ஏற்றி இறக்கும் விதத்துக்கு 2013இல் ரொத்மன், ஷெக்மன், சூடோப் மூவருக்கும் கிடைத்தது. வைரசு கை வைப்பது இந்தப் போக்குவரத்தில்தான். எந்த இடத்தில் கை வைக்கும் என்பது அதன் சொந்தத் தேவையைப் பொறுத்தது.

டெங்கு வைரசு சிறுவலைக்குள் அரும்பி, கொல்கி வழியாக வெளியேறுகிறது. போகும் வழியில் ஃபியூரின் என்ற நம்முடைய நொதி அதன் மேற்புரதம் ஒன்றை வெட்டிவிட்டால்தான் அது முற்றும். என்எஸ்1 வெளியேறுவதும் அதே பாதையால். ஆகவே டெங்குக்குப் பாதை திறந்திருக்க வேண்டும். போலியோவுக்கு மேலுறை கிடையாது, வெளியே போக அந்தப் பாதையும் தேவையில்லை. அதன் 3ஏ புரதம் சிறுவலைக்கும் கொல்கிக்கும் இடையில் மறித்துவிடுகிறது. பழைய ஓட்டமாவடிப் பாலம் ஞாபகமிருக்கும், ரயிலுக்கும் வாகனங்களுக்கும் அது ஒன்றுதான். ரயில் வந்தால் இரு பக்கமும் வரிசை. அந்த மாதிரி ஓரிடத்தில் மறித்தால், ஆபத்து என்று பக்கத்துக் கலங்களுக்குச் சொல்லும் புரதங்களும் உள்ளேயே தேங்கிவிடும்.

இன்னும் நுணுக்கமானது ஒன்றிருக்கிறது. கலம் தனக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை எம்எச்சி முதலாம் வகுப்பு மூலக்கூறில் ஏந்தி, மேற்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கும். நோயெதிர்ப்புக் காவலர்களான ரி கலங்கள் பார்த்துப்போகும். சோதனைச்சாவடியில் ஐசி, அதாவது அடையாள அட்டை, நீட்டி வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். அடினோவைரசின் ஈ3-19கே புரதம் அந்த அட்டையைச் சிறுவலைக்குள்ளேயே பிடித்துவைக்கிறது. சைற்றோமெகலோவைரசின் யூஎஸ்11 அதைச் சிறுவலையிலிருந்து வெளியே இழுத்து அழிக்கக் கொடுக்கிறது. எச்ஐவியின் நெஃப், மேற்பரப்புக்குப் போகவேண்டியதை, கலத்தின் குப்பை அரைக்கும் அறையான இலைசோசோமுக்குத் திருப்பிவிடுகிறது.

சரி, அட்டையே இல்லாதவனைச் சாவடியில் விடுவார்களா? கலத்திலும் விடமாட்டார்கள். இயற்கைக் கொல்லிக் கலங்கள் என்ற இன்னொரு வகைக் காவலர்கள் தேடுவதே அட்டை காட்டாதவர்களைத்தான். அதனால் நெஃப், இந்த அட்டையின் வகைகளில் எச்எல்ஏ-ஏ, எச்எல்ஏ-பி இரண்டையும் இறக்கிவிட்டு, எச்எல்ஏ-சியைப் பெரும்பாலும் தொடாமல் விடுகிறது. இதைச் சொன்னபோது மருமகன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டான்.

பாஸ்ட் பேப்பரில் வராததைப் படிப்பித்தால் பெற்றோர் கேள்வி கேட்பார்கள், தெரியும். பாடத்திட்டத்துக்குள் இடமில்லை என்பதும் தெரியும். நான் புது அத்தியாயம் கேட்கவில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே வரைந்த அதே படத்தில், வேறு நிறத்தில் ஓர் அம்புக்குறி: டெங்கு இந்த வழியால் போகிறது, போலியோ இந்த இடத்தில் மறிக்கிறது. ஒரு பாடவேளையில் முடியும். ஒவ்வொரு மாரிக்கும் டெங்கு வந்துபோகிற ஊர்ப் பிள்ளைகள், உதாரணத்துக்கு எங்கேயும் போகத் தேவையில்லை.

சனிக்கிழமை பின்னேரங்களில் எனக்கு வேலையில்லை. கூப்பிட்டால் வருவேன். காலாவதியான, பாவிக்காத பட்டிகள் நாலைந்து கிடக்கின்றன, பிள்ளைகள் தொட்டுப் பார்க்கக் கொண்டுவருகிறேன். போர்டும் நிறச் சோக்கும் மட்டும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்களிடம் படித்த பிள்ளைகளின் இரத்தம் எடுக்கும் ஒருவன்,
மட்டக்களப்பு.